கண்மூடி செய்த ஒரே நேர்ப்பிடி

என் அண்ணனுக்குப் பட்டறையில் கண்மூடி என்று பெயர். தூங்குமூஞ்சி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கத்திக்குப் பிடி போட்டு முடித்ததும் அதைக் கையில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். உள்ளங்கையில் எங்காவது உறுத்தினால் முகம் சுளிக்கும். உறுத்தவில்லை என்றால் முகத்தில் ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாத முகம் வந்த பிறகுதான் கத்தி என் மேசைக்கு வரும். நான் அதற்குத் தோலில் உறை தைப்பேன். ஒரே பட்டறையில் வேலை, ஒரே வீட்டில் குடித்தனம். பாதிச் சண்டை வீட்டில், மீதிச் சண்டை பட்டறையில். நேரில் நீ, வா, போதான். பிறரிடம் சொல்லும்போது மட்டும் அவர், இவர் என்று மரியாதை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

நாங்கள் செய்தது சமையல் கத்தி அல்ல. சண்டைக் கத்தி, அதிலும் தலைகீழாகப் பிடிக்கிற கத்தி. காவல் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பள்ளிதான் எங்கள் பெரிய வாடிக்கை. வாடகைக்கு வீடு தேடிப் போன இடத்தில், என்ன வேலை என்று கேட்பார்கள். கத்தி என்று சொல்லி வாயை மூடுவதற்குள் கதவு பாதி சாத்தியிருக்கும். அந்த வீட்டுச் சொந்தக்காரர்கள் என் அண்ணன் கரப்பான்பூச்சியைக் கண்டு நாற்காலி மேல் ஏறி நின்றதைப் பார்த்திருக்க வேண்டும். கீழே நின்று விளக்குமாற்றால் அடித்தவள் நான்.

தலைகீழ்ப்பிடி என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. நான் தோலில் துளை போடக் குத்தூசியை எப்படிப் பிடிக்கிறேனோ அப்படித்தான். முஷ்டியை மடக்கினால் முனை சுண்டுவிரல் பக்கமாகக் கீழே வரும், கட்டை விரல் மேலே ஏறி உட்காரும். என் குத்தூசிக்குப் பிடி போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் ஆள்காட்டி விரலில் ஊசி ஏறி, அந்த விரல் அதற்குப் பிறகு முழுதாக மடங்கவே இல்லை. கொக்கி மாதிரி அரைகுறையாக நிற்கும். அந்தக் கொக்கிக்கு என்று மரத்தில் தனியாக ஒரு பள்ளம் செதுக்கியிருந்தார். வேறு யார் அந்தக் குத்தூசியை எடுத்தாலும் இதென்ன கோணல் என்று திருப்பி வைத்துவிடுவார்கள்.

பிடியைப் பற்றி ஆரம்பித்தால் அண்ணனை நிறுத்த முடியாது. எல்லோரும் கட்டை விரலைத்தான் பெரிய ஆள் என்று நினைக்கிறார்கள், இந்தப் பிடியில் பாரம் முழுக்கச் சுண்டுவிரலும் மோதிர விரலும்தான் தாங்குகின்றன என்பார். கத்திக்கு மிக அருகில் இருப்பது அவைதான். அதனால் பிடி அந்த இடத்தில் ஒல்லியாக இருக்க வேண்டும். நடுவில் லேசாகப் பருத்து உள்ளங்கைக் குழியை நிரப்ப வேண்டும். முழு உருண்டையாக இருந்தால் கைக்குள் சுழலும், ஆகவே முட்டை வடிவம். அப்போதுதான் வெட்டும் பக்கம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கைக்குத் தெரியும். மேல்முனையில் கட்டை விரல் உட்கார ஒரு சின்னக் குழி. குத்தும்போது கை நழுவிக் கத்தி மேலேயே இறங்கிவிடாமல் காப்பாற்றுவது அந்தக் கட்டை விரல்தான். இதையெல்லாம் சாப்பிடும்போது கரண்டியை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரருக்கு விளக்குவார். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், பேச்சு குறைவு. சூப் ஆறிப்போகுது மச்சான் என்பார், அவ்வளவுதான்.

பயிற்சிப் பள்ளியிலிருந்து சரக்கு எடுக்க ஒரு பெண்மணி வருவார். நரைத்த குட்டை முடி, நின்றால் தூண் மாதிரி நிற்பார். பயிற்சியாளர் அவர்தான். ஒருமுறை நான் வாயைக் கொடுத்தேன். கத்தியை நேராகப் பிடித்தால் என்ன, எதற்கு இந்தத் தலைகீழ் வேலை என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் செய்தே காட்டினார். நேர்ப்பிடியில் முனை தன்னை விட்டு விலகிப் போகிறது, எதிரே இருப்பவரை எட்டுகிறது, ஆனால் மணிக்கட்டு ஆடுகிறது. தலைகீழாகப் பிடித்தால் அவ்வளவு தூரம் எட்டாது, கத்தி முன்கையோடு ஒட்டிக்கொள்ளும். பதிலுக்கு மணிக்கட்டு வளையாமல் நிற்கும், பலம் தோளிலிருந்தும் முதுகிலிருந்தும் வரும். இடமே இல்லாமல் நெருக்கப்பட்டவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளத்தான் இந்தப் பிடி என்றார். அண்ணன் பெருமை தாங்காமல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். இரும்புக்கு அச்சு உண்டு, என் தோலுக்கு அட்டையில் வெட்டிய மாதிரி உண்டு. பிடிக்கு மட்டும் எதுவும் கிடையாது. அண்ணனின் கைதான் அச்சு, அளவுகோல், எல்லாம். முதலாளி ஆசையாக வாங்கிவந்த அளவுக் கருவி மேசை இழுப்பறையில் கிடந்து துருப்பிடித்தது. கண்மூடி நின்று முகத்தில் ஒன்றுமில்லை என்றால் சரி. அத்தனை வருஷம் ஒரு கத்தி திரும்பி வந்ததில்லை, அதனால் யாரும் அதைக் கேள்வி கேட்டதும் இல்லை.

உறையின் வாயில் ஒரு பட்டை வைத்துத் தைப்பேன். கத்தி நழுவாமல் இருக்க அது பிடியின் இடுப்பைச் சுற்றி வந்து பட்டனில் மாட்டும். ஒரு மழைக்காலத்தில் அந்தப் பட்டை எட்ட மாட்டேன் என்றது. முதலில் இழுத்து மாட்டினேன். அப்புறம் இழுத்தாலும் மாட்டவில்லை. உன் பிடிக்கெல்லாம் தொப்பை போட்டுவிட்டது என்று பட்டறையே கேட்கும்படி சொன்னேன். மழைக்கு உன் தோல்தான் சுருங்கிவிட்டது என்றார். பட்டையை அட்டை மாதிரியின் மேல் வைத்துக் காட்டினேன், இம்மியும் பிசகவில்லை. அப்படியானால் அட்டையும் சுருங்கியிருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த பிடியை எடுத்தார். சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணன் தங்கச்சி சண்டை அவர்களுக்கு மதியச் சாப்பாட்டோடு தொட்டுக்கொள்ள. எனக்குத்தான் எரிச்சல் அடங்கவில்லை. நான் அளந்ததை ஒருவர் இல்லை என்று சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்த நாட்களில் வீட்டில் பாட்டில் மூடியை என்னிடம் நீட்டுவார். சட்டைப் பட்டன் போட நேரம் பிடிக்கும். வயசாகுது என்று கேலி செய்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார்.

பிறகு பயிற்சியாளர் ஒரு பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். சத்தம் போடவில்லை. பழைய கத்தி ஒன்றையும் புதிய கத்தி ஒன்றையும் அண்ணன் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புதியது கைக்குள் சுழல்கிறது, நடுப்பகுதி உருண்டை கட்டிவிட்டது, ஒரு பயிற்சி மாணவருக்குக் கை நழுவி இரண்டு விரலில் தையல் என்றார். அண்ணன் புதியதை எடுத்துக் கண்ணை மூடினார். முகத்தில் ஒன்றுமில்லை. பழையதை எடுத்தார். முகம் சுளித்தது. தன் கையே தேர்வு செய்து அனுப்பிய கத்தி அது. மறுபடி புதியது, மறுபடி பழையது. பட்டறையில் சாணைச் சக்கரம்கூட நின்றுவிட்டது.

"கையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார் பயிற்சியாளர்.

அண்ணன் நீட்டினார். அவர் அந்தக் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை திரண்டு நிற்க வேண்டிய இடம் பள்ளமாக இருந்தது. கட்டை விரலின் அடிமேடு தட்டையாகிப் போயிருந்தது. தினமும் பார்க்கிற கை, அதனால்தானோ என்னவோ நான் பார்க்கவே இல்லை. கை உள்ளே உள்ளே வற்றிக்கொண்டு வந்திருக்கிறது. குழி பெரிதாகப் பெரிதாக, அதை நிரப்பப் பிடியும் பெரிதாகியிருக்கிறது. அவர் கை அவருக்குப் பொய் சொல்லவில்லை. அந்தக் கைக்கு அந்தப் பிடி சரிதான். தோல் சுருங்கவில்லை என்று நிரூபணமாகிவிட்டது, அப்படி ஒரு வெற்றி எனக்கு வேண்டவே வேண்டாம்.

நரம்பு டாக்டர் நிறையப் பரிசோதனை செய்தார். தசைக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்துகின்றன, மருந்து அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், நிறுத்தாது என்றார். அண்ணனின் கையைப் பிடித்துப் பார்த்து, இரண்டு கையிலும் கட்டை விரல் பக்கம் முதலில் போகிறது, சுண்டுவிரல் பக்கம் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும் என்றார். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். எவ்வளவு காலம் உயிரோடு இருப்பேன் என்றுதான் எல்லோரும் கேட்பார்களாம். அண்ணன் சுண்டுவிரல் எவ்வளவு காலம் என்று கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, எங்கள் நிறுத்தம் வருகிற வரைக்கும் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது ஒன்றுதான் சொன்னார்.

"எது போனாலும் போகட்டும். அப்பா மாதிரி ஊட்டி விடற நிலைமைக்கு மட்டும் நான் வர மாட்டேன். என் கையால சாப்பிட முடியாத அன்னிக்கு என்னை விட்டுடணும். ஊட்டிவிட வராதே."

எங்கள் அப்பா கடைசிக் காலத்தில் படுத்த படுக்கை. அம்மாதான் வேளா வேளைக்கு ஊட்டுவாள். அவள் கரண்டியை நீட்டும்போதெல்லாம் அப்பா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். வாயை மட்டும் திறப்பார். சின்னப் பிள்ளைகளாக இரண்டு பேரும் வாசல்படியில் நின்று அதைப் பார்த்திருக்கிறோம். ஒரு ஆம்பளை வெட்கத்தில் சுவரைப் பார்க்கிறார் என்றுதான் எனக்குப் புரிந்தது. அண்ணனுக்கும் அப்படித்தான் புரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதனால் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பட்டறையில் பழைய நல்ல கத்தி ஒன்றை வைத்துப் பிடிக்கு அச்சு எடுத்தார்கள். அண்ணன் மேசையில் அது போய் உட்கார்ந்தது. அவர் மிச்ச மரத்துண்டுகளையும் உளியையும் எடுத்துக்கொண்டு வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்துவிட்டார். என்ன செய்கிறாய் என்று கேட்டால் கரண்டி என்பார்.

ஒருநாள் சாப்பிடக் கூப்பிடப் போனேன். வலது கையின் கட்டை விரலை உள்ளங்கையோடு சேர்த்துத் துணிப்பட்டையால் கட்டியிருந்தார். கட்டிய கையில் பாதி செதுக்கிய கரண்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். காயமா என்று பதறினேன். இல்லையாம். கட்டை விரல் முழுதாகப் போன பிறகு கை எப்படி இருக்கும் என்று இப்போதே பழகிப் பார்க்கிறாராம். அதற்கடுத்த கரண்டிக்கு ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கட்டினார். அதற்கடுத்ததற்கு நடுவிரலையும். செதுக்கப் போகும்போது துணிக்கட்டை அவிழ்ப்பார், செதுக்கியதும் மறுபடி கட்டிக்கொள்வார். கை இருக்கும்போதே கை இல்லாத கைக்குப் பிடி செய்துகொண்டிருந்தார். நான் கத்தினேன். உனக்கு என்ன பைத்தியமா, போகிறதுக்கு முன்னாடியே வழியனுப்புகிறாயா என்று என்னென்னவோ கத்தினேன். அவர் துணியின் முடிச்சைப் பல்லால் இழுத்துக்கொண்டே, போன பிறகு செய்ய முடியாதே என்றார். சாப்பாடு ஆறுகிறது என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய் அழுதேன்.

எல்லாமே தலைகீழ்ப்பிடிதான். கட்டை விரல் பக்கம் முதலில் போகிறது என்றால் கரண்டி அந்தப் பக்கம் வெளியே வந்து பயனில்லை. கத்தி எங்கே வெளியே வருமோ அங்கே, சுண்டுவிரல் அடியில், கரண்டித் தலையைப் பொருத்தினார். கரண்டியின் கழுத்தை வாய்ப் பக்கமாக வளைத்திருந்தார். உள்ளங்கையை முகத்துக்கு நேராகத் திருப்பி, மணிக்கட்டை அசைக்காமல், தோளால் தூக்கினால் வாய்க்கு வந்துவிடும். பயிற்சியாளர் சொன்னது அத்தனையும் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. செருப்புப் பெட்டி ஒன்றில் வரிசையாக அடுக்கினார். பிடிகள் ஒவ்வொன்றாகப் பருத்துக்கொண்டே போயின. கடைசிக்கு முந்தையதில் கையோடு சேர்த்து மாட்டத் தோல் வளையம் வேண்டும் என்றார். தைத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை அளவைப் பற்றிச் சண்டை போடவில்லை.

பெட்டியின் அடியில் கிடந்த கடைசிக் கரண்டி மட்டும் ஒல்லியாக இருந்தது. வளைவு இல்லை. கரண்டித் தலை கட்டை விரல் பக்கமாக, வெளியே பார்த்தபடி நின்றது. பக்கம் மாற்றிப் பொருத்திவிட்டாய், இது நேர்ப்பிடி என்று எடுத்துக் காட்டினேன். அவர் அவசரமாக அதை வாங்கிப் பெட்டிக்குள் போட்டு, கிடக்கட்டும் என்றார். களைப்பில் கை தவறிவிட்டது போல, அதைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு பெட்டியில் இருந்த கைகள் ஒவ்வொன்றாக வந்தன. கட்டை விரல் போனது, முதல் கரண்டி வந்தது. ஆள்காட்டி விரல் போனது, இரண்டாவது. ஒவ்வொரு தடவையும் கரண்டி கச்சிதமாகப் பொருந்தியது. முதல் வாய் எடுத்ததும் பார்த்தாயா என்று என்னை ஒரு பார்வை பார்ப்பார். அதில் அவருக்கு ஒரு திமிர்கூட இருந்தது. பார்த்தேன், சாப்பிடு என்பேன். அவர் ஜெயிப்பதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருக்கும், பெட்டியில் ஒன்று குறைந்ததே என்று துக்கமாகவும் இருக்கும். சட்டை போடுவது, தலை சீவுவது எல்லாம் என் வீட்டுக்காரர் கைக்குப் போய்விட்டது. அதற்கெல்லாம் அண்ணன் முகம் கோணவில்லை. சாப்பாட்டை மட்டும் யாரும் தொடக் கூடாது.

வளையம் வைத்த கரண்டியும் ஒரு காலையில் தோற்றது. சுண்டுவிரல் பிடித்துத்தான் இருந்தது, தோள் எழும்பவில்லை. தட்டுக்கும் வாய்க்கும் நடுவே கை நின்றது, நடுங்கியது, இறங்கியது. மறுபடி தூக்கினார். சூப் மடியில் கொட்டியது. துடைக்கப் போன என்னைப் பார்க்காமல், தட்டை எடு என்றார்.

அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் தன் வாழ்நாளில் பேசாத பேச்செல்லாம் பேசிக் கெஞ்சிப் பார்த்தார். நான் திட்டினேன், அழுதேன், சாதாரணக் கரண்டியில் சூப்பை எடுத்து உதட்டுக்குப் பக்கத்தில் நீட்டினேன். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பாவின் பிடரியை மறுபடி பார்க்கிற மாதிரி இருந்தது. எனக்கு அத்தனை நாள் சேர்த்து வைத்த கோபமும் வந்தது. செத்துப்போகத்தான் இத்தனை கரண்டி செதுக்கினாயா என்று கேட்டேன். அது கேட்கக் கூடாத கேள்விதான், ஆனால் வேறு கேள்வி எனக்கு இல்லை.

அவர் சுவரைப் பார்த்தபடியே பேசினார். அப்போதெல்லாம் குரல் மெலிந்துவிட்டது, கிட்டே போனால்தான் கேட்கும்.

"பெட்டியில இன்னொண்ணு இருக்கு, எடு."

"அது தப்பா பண்ணினது அண்ணே. உன் கைக்கு வராது."

"என் கைக்கு இல்ல. நீ பிடிச்சுப் பாரு."

எடுத்துப் பிடித்தேன். என் ஆள்காட்டி விரல், அந்த மடங்காத கொக்கி, மரத்தில் ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. குத்தூசியில் இருக்கிற அதே பள்ளம். உள்ளங்கை நிரம்பியது. சுண்டுவிரலுக்கு இடம் ஒல்லியாக இருந்தது. கரண்டி என்னை விட்டு விலகி, எதிரே இருந்த அவரைப் பார்த்து நீண்டிருந்தது. முதன்முதலில், கை இன்னும் சொன்னபடி கேட்ட நாட்களிலேயே இதைச் செதுக்கியிருக்கிறார். அந்தப் பள்ளத்தின் விளிம்பு அப்படி வழுவழுப்பாக இருந்தது. ஊட்டிவிட வராதே என்று பேருந்துப் படியில் சொன்ன மனுஷன், வீட்டுக்கு வந்து முதல் வேலையாக இதைத்தான் செய்திருக்கிறார்.

அவர் பேசினார், நடுவே நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு.

"அம்மாவுக்கு மணிக்கட்டு வலி. உனக்குத் தெரியாது, நீ ரொம்பச் சின்னப் பொண்ணு. அந்தச் சரியான பிடி இல்லாத மொட்டைக் கரண்டியை எவ்வளவு நேரம் நீட்டிக்கிட்டே இருப்பா. வலியை மறைச்சுப்பா. அதைப் பார்க்க முடியாமத்தான் அப்பா சுவரைப் பார்த்தாரு. நானும் வேண்டாம்னுதான் இருந்தேன். முடியல, பசிக்குது. இது உனக்கு வலிக்காது."

சூப்பைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தேன். நிரப்பி நீட்டப் போனபோது, கண்ணை மூடிப் பார் என்றார். மூடினேன். எத்தனையோ கத்திகளைப் பிடித்து அவர் நின்ற மாதிரி நானும் கொஞ்ச நேரம் இருந்தேன். கையில் எங்கும் ஒரு குறையும் இல்லை. முகத்தில் ஒன்றும் இல்லாமல் வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன், கண்ணீர் கேட்கவில்லை.

"உறுத்துதா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். கண்ணைத் திறந்தேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயைத் திறந்தார்.